‘அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்’ என்ற சாக்கு: அமெரிக்கப் பழமைவாத அறிவுஜீவிகளும் கறுப்பின உரிமையும்

1957 ஆகஸ்ட் 24 தேதியிட்ட ‘நேஷனல் ரிவ்யூ’ இதழில் எழுதியவர் பெயர் போடாமல் ஒரு தலையங்கம் வந்தது. ‘தெற்கு ஏன் வென்றாக வேண்டும்’ என்பது தலைப்பு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், வெள்ளையர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும் இடங்களிலும்கூட, அரசியலிலும் பண்பாட்டிலும் தங்கள் கையே ஓங்கியிருக்கத் தேவையானதைச் செய்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டா என்று தலையங்கம் கேட்டது. உண்டு என்று அதுவே பதிலும் சொன்னது. காரணம், இப்போதைக்கு வெள்ளையர்தான் முன்னேறிய இனமாம். எல்லோருக்கும் வாக்குரிமை என்பதைவிட நாகரிகத்தைக் காப்பது பெரிது என்றும், கென்யாவில் ஆங்கிலேயர் அப்படி நினைத்துத்தான் செயல்பட்டார்கள் என்றும் முன்னுதாரணம் வேறு காட்டியது.

எழுதியவர் பத்திரிகையின் ஆசிரியர் வில்லியம் எஃப். பக்லி. அப்போது அவருக்கு 31 வயது. எண்ணெய்த் தொழிலில் பணம் சேர்த்த டெக்சாஸ்காரரின் மகன், யேல் பட்டதாரி. பத்திரிகை தொடங்கி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. இன்று நாம் ‘அமெரிக்க வலதுசாரி இயக்கம்’ என்று சொல்கிறோமே, அதற்கு மூளையாக இருந்தது அந்தப் பத்திரிகைதான். பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன் அதன் தீவிர வாசகர். எனவே தலையங்கத்தை எங்கோ ஒரு வெறியர் கிறுக்கியது என்று ஒதுக்கிவிட முடியாது.

இதை இன்று யாராவது எடுத்துக் காட்டினால், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று ஒரு பதில் தயாராக வரும். எனக்கு அந்தப் பதிலில்தான் சந்தேகம். எல்லோரும் அப்படி நினைக்கவில்லை. பக்லியின் சொந்தப் பத்திரிகையிலேயே, சொந்தக் குடும்பத்திலேயே ஒருவர் அப்படி நினைக்கவில்லை.

அவரைப் பற்றிப் பேசுவதற்கு முன் கொஞ்சம் பின்னணி. 1954 மே 17 அன்று, பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் பிரித்து வைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘பிரவுன்’ வழக்கு என்று அதற்குப் பெயர். ‘பிரித்து வைக்கலாம், சமமாக நடத்தினால் போதும்’ என்ற 1896-ஆம் வருஷத்து ‘பிளெஸ்ஸி’ தீர்ப்பு, பள்ளிகளைப் பொறுத்தவரை அத்துடன் செத்தது. தென் மாநில அரசியல்வாதிகள் கொதித்தெழுந்தார்கள். ஆனால் கொதிப்பு மட்டும் போதாதே, அதற்கு ஒரு தத்துவம் வேண்டும். அதைத் தைத்துக் கொடுக்கும் வேலையை அறிவுஜீவிகள் எடுத்துக்கொண்டார்கள்.

துணி ஏற்கெனவே கையில் இருந்தது. பழமைவாதச் சிந்தனையின் பிதாமகராகக் கொண்டாடப்படும் எட்மண்ட் பர்க், சமூகம் தலைமுறை தலைமுறையாக மெல்ல வளர்வது, அதை மேலிருந்து கொள்கைத் திட்டம் போட்டு மாற்றினால் விபரீதம் வரும் என்று பிரெஞ்சுப் புரட்சியைப் பார்த்து எச்சரித்தவர். இந்தப் பார்வையை அமெரிக்காவுக்கு ஏற்றபடி 1953-இல் ரஸ்ஸல் கெர்க் ஒரு பெரிய நூலாக எழுதினார். அதில் தெற்கின் பழமைவாதத்துக்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. அதன் நாயகர்களில் ஒருவர் ஜான் சி. கால்ஹூன். அடிமை முறையைத் ‘தவிர்க்க முடியாத தீமை’ என்றுகூடச் சொல்லாமல் நேரடியாக ‘நன்மை’ என்று 1837-இல் செனட்டில் வாதாடியவர் அவர். கெர்க் அவரிடம் தேடியது சிறுபான்மையைப் பெரும்பான்மையிடமிருந்து காக்கும் அரசியல் கோட்பாட்டை. அந்தக் கோட்பாட்டில் ‘சிறுபான்மை’ என்பது அடிமைகளை வைத்திருந்த மாநிலங்களைக் குறித்தது, அடிமைகளை அல்ல. இந்தச் சின்ன விஷயத்தைக் கவனிக்காமல் கால்ஹூனைப் படித்தவர்கள் ஏராளம்.

வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஜாக்சன் கில்பாட்ரிக் என்ற நாளிதழ் ஆசிரியர் இந்தக் கோட்பாட்டைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். 1955 இறுதியில் ‘ரிச்மண்ட் நியூஸ் லீடர்’ பத்திரிகையில் தலையங்கத்துக்கு மேல் தலையங்கமாக எழுதினார். மத்திய அரசு எல்லை மீறும்போது மாநில அரசு குறுக்கே நின்று தன் மக்களைக் காக்கலாம் என்பது வாதம். அமெரிக்காவை நிறுவியவர்களில் இருவரான ஜெஃபர்சனும் மேடிசனும் 1798-இல் எழுதிய தீர்மானங்களிலிருந்து மேற்கோள்களை அள்ளினார். வரிக்கு வரி சாசனமும் வரலாறுமாக இருக்கும், நிறம் என்ற பேச்சைக் கூடியமட்டும் தவிர்த்துவிடுவார். மரியாதையான வாதமாகத் தெரிய வேண்டும் என்று அவர் திட்டமிட்டே செய்த காரியம் அது. கில்பாட்ரிக் ‘நேஷனல் ரிவ்யூ’விலும் தொடர்ந்து எழுதினார். சிவில் உரிமை என்று வந்தால் அந்தப் பத்திரிகைக்கு ஏறக்குறைய அவர்தான் நிபுணர்.

அந்த மரியாதையான வாதம் தரையில் இறங்கியபோது என்ன ஆனது என்பதைப் பார்க்க, அதே வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டிக்குப் போக வேண்டும். அங்கே ஃபார்ம்வில் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்த மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் இடம் போதவில்லை. கூடுதல் வகுப்புகளுக்குத் தார்க்காகிதம் ஒட்டிய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி பள்ளியையே திரட்டி வேலைநிறுத்தம் செய்தாள். அதிலிருந்து பிறந்த வழக்கும் ‘பிரவுன்’ வழக்கில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் ஒன்று. தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. கவுன்டி நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? 1959-இல், சேர்ந்து படிக்க விடுவதைவிட யாருமே படிக்காமல் இருக்கட்டும் என்று அரசுப் பள்ளிகள் மொத்தத்தையும் இழுத்து மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்காகத் தனியார் பள்ளி ஒன்று முளைத்தது, அதற்குக் கட்டண உதவியும் கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஊரில் பள்ளியே இல்லை. சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள், பலர் படிப்பையே விட்டார்கள். உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்ட பிறகு 1964-இல்தான் அரசுப் பள்ளிகள் திறந்தன. ஐந்து வருஷம். ஏழு வயதில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது.

பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மேன் 1955-இல், அரசு பள்ளி நடத்துவதற்குப் பதிலாகப் பெற்றோர் கையில் கல்விப் பணத்தைக் கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார். தெற்கில் அதே யோசனை இனப் பிரிவினையைக் காப்பாற்றும் கருவியாகப் பேசப்படுவதை அவர் அறிந்தேயிருந்தார். கட்டாயப் பிரிவினையும் கூடாது, கட்டாயக் கலப்பும் கூடாது, பெற்றோர் விருப்பத்துக்கு விடுவோம் என்பது அவர் நிலை. தனிப்பட்ட முறையில் அவர் நிறவெறியை வெறுத்தவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பிரின்ஸ் எட்வர்டில் யாருடைய விருப்பம் எடுபட்டது என்று மேலே பார்த்தோம்.

இப்போது அந்தக் குடும்பத்து மறுப்பாளருக்கு வருவோம். பிரென்ட் பொஸெல், யேலில் பக்லியின் பேச்சுப்போட்டித் தோழர். பக்லியின் சகோதரி பெட்ரிஷியாவைக் கல்யாணம் செய்துகொண்டவர். மச்சான்மார் இருவரும் சேர்ந்து கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன செனட்டர் மெக்கார்த்திக்கு ஆதரவாக ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்கள். ஆக இடதுசாரி என்றோ மிதவாதி என்றோ பொஸெலை யாரும் குற்றம் சாட்ட முடியாது. ‘பிரவுன்’ தீர்ப்பு தவறு என்றுதான் அவரும் நினைத்தார். ஆனால் தலையங்கம் வந்த இரண்டே வாரத்தில், செப்டம்பர் 7 இதழில், அதற்கு நேர் எதிராகத் தன் பெயரிலேயே எழுதினார்.

அவர் கேட்டது எளிமையான கேள்வி. நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையைப் பறிக்கக் கூடாது என்று 1870-இல் நிறைவேறிய 15-ஆவது திருத்தம் சொல்கிறது. அரசியல் சாசனத்தை எழுத்துக்கு எழுத்து மதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொள்ளும் நாம், இந்த ஒரு திருத்தத்தை மட்டும் மீறலாம் என்று எப்படிச் சொல்வது? இப்படிச் சொல்வது பழமைவாதக் கொள்கைகளுக்கே பெருங்கேடு என்றும் எச்சரித்தார். பக்லி அதே இதழில் விளக்கம் என்று ஒன்று கொடுத்தார்: சரி, கல்வித் தகுதி போன்ற நிபந்தனைகளைத் தெற்கு விதிக்கட்டும், ஆனால் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் ஒரே மாதிரி விதிக்கட்டும்.

இந்த விளக்கத்தின் நையாண்டி வடிவம் எட்டு வருஷம் கழித்து இங்கிலாந்தில் வெளிவந்தது. 1965 பிப்ரவரி 18, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் மன்றம். ‘அமெரிக்கக் கனவு அமெரிக்கக் கறுப்பினத்தவரின் செலவில் கட்டப்பட்டது’ என்பது விவாதப் பொருள். ஆதரித்துப் பேச எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின், எதிர்க்கப் பக்லி. பருத்தியைப் பறித்தது நான், சந்தைக்குச் சுமந்தது நான், சாட்டையடிக்குக் கீழே ரயில் பாதை போட்டதும் நான், அதுவும் கூலியே இல்லாமல் என்று பால்ட்வின் தன்மை ஒருமையில் பேசிவிட்டு உட்கார்ந்தபோது மன்றமே எழுந்து நின்று கைதட்டியது.

பக்லி எழுந்தார். பால்ட்வின் இன்று பிரிட்டிஷ் உச்சரிப்பில் பேசுகிறார் என்று குத்தினார், அது சபையில் எடுபடவில்லை. நடுவில் ஒரு மாணவர் குறுக்கிட்டு, மிசிசிப்பியில் அவர்களை ஓட்டுப் போட விடலாமே என்றார். பக்லி சட்டென்று, மிசிசிப்பியின் கோளாறு கறுப்பினத்தவர் போதுமான அளவு ஓட்டுப் போடாதது அல்ல, வெள்ளையர் அளவுக்கு மீறி ஓட்டுப் போடுவதுதான் என்றார். சபை சிரித்தது. சாமர்த்தியமான பதில்தான், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் முந்தின வருஷம் மிசிசிப்பியில் ஓட்டுப் போடும் வயதிலிருந்த கறுப்பினத்தவரில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 6.7 சதவீதம். வெள்ளையர்களை யாரும் பட்டியலிலிருந்து நீக்கப் போவதில்லை என்பது பக்லிக்கும் தெரியும். இரு தரப்புக்கும் பொதுவான தகுதி என்பது மேடையில் மட்டும் நிற்கக்கூடிய யோசனை. வாக்கெடுப்பில் 544-க்கு 164 என்று பக்லி தோற்றார். அந்த ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. இரண்டே வருஷத்தில் மிசிசிப்பியின் அந்த 6.7 சதவீதம் ஏறக்குறைய 60 ஆனது. மெல்ல மெல்ல வளர வேண்டிய மாற்றம் என்று பர்க்கின் பெயரால் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு சட்டம் இவ்வளவு சீக்கிரம் செய்து காட்டியது.

இடையில் 1963 வருகிறது. செப்டம்பர் 15 அன்று அலபாமாவின் பர்மிங்ஹாமில் 16-ஆவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அந்தச் சமயத்தில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழுக்குக் கில்பாட்ரிக் ஒரு கட்டுரை கொடுத்திருந்தார். சாசனம், மாநில உரிமை என்ற போர்வையை எல்லாம் உதறிவிட்டு, கறுப்பினத்தவர் சமமானவர் என்பதையே மறுத்த கட்டுரை அது. குண்டுவெடிப்புக்குப் பிறகு இதைப் போட்டால் அசிங்கம் என்று நிறுத்திவிட்டார்கள். மற்ற நாட்களில் அவர் எழுதிய சாசன வாதங்களுக்கு அடியில் என்ன இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ‘நேஷனல் ரிவ்யூ’வோ, குண்டு வைத்தவனால் வெள்ளையர் தரப்புக்குத்தான் பெரும் நஷ்டம், ஆகவே இது ஒரு கம்யூனிஸ்ட்டின் சதியாகவோ புத்தி பேதலித்த கறுப்பினத்தவர் ஒருவரின் வேலையாகவோகூட இருக்குமோ என்று எழுதியது.

1964-இல் விஷயம் தேர்தல் களத்துக்கு வந்தது. குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர். அவருடைய பெயரில் 1960-இல் வந்து சக்கைப்போடு போட்ட கொள்கை நூலை உண்மையில் எழுதியவர் நம் பொஸெல்தான். கோல்ட்வாட்டரை நிறவெறியர் என்று சொல்வது நியாயமாகாது. 1957, 1960 சிவில் உரிமைச் சட்டங்களுக்கு ஆதரவாக வாக்களித்தவர் அவர். ஆனால் 1964 சட்டத்தை எதிர்த்தார். உணவகமும் விடுதியும் யாருக்கு இடம் தர வேண்டும், முதலாளி யாருக்கு வேலை தர வேண்டும் என்று மத்திய அரசு சொல்ல சாசனத்தில் இடமில்லை என்பது அவர் வாதம். சட்ட ஆலோசனை சொன்னவர்களில் இருவர் பின்னாளில் மிகப் பிரபலமானார்கள். ஒருவர் யேல் பேராசிரியர் ராபர்ட் போர்க். அதற்கு முந்தின வருஷம்தான், விரும்பாதவரோடு பழகு என்று சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தும் கொள்கையைப் போல அசிங்கமானது வேறில்லை என்று எழுதியிருந்தார். இன்னொருவர் வில்லியம் ரென்க்விஸ்ட். 1952-இல் நீதிபதி ராபர்ட் ஜாக்சனிடம் உதவியாளராக இருந்தபோது, பழைய ‘பிளெஸ்ஸி’ தீர்ப்பே சரி என்று குறிப்பு எழுதியவர். அது என் கருத்தல்ல, நீதிபதியின் கருத்து என்று பிற்பாடு சொன்னார். தலைமை நீதிபதி நாற்காலி வரை போனார்.

செனட்டில் சட்டம் 73-க்கு 27 என்று நிறைவேறியது. குடியரசுக் கட்சியின் 33 செனட்டர்களில் 27 பேர் ஆதரித்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் தெற்கத்திய ஜனநாயகக் கட்சிக்காரர்கள். ஆக, கட்சி ஒரு பக்கம் நிற்க, அதன் அறிவுஜீவிகள் எதிர்ப்பக்கம் நின்றார்கள். நவம்பரில் கோல்ட்வாட்டர் ஜெயித்தது ஆறே மாநிலங்கள்: சொந்த மாநிலம் அரிசோனா, அப்புறம் ஆழ்தெற்கின் ஐந்து. மிசிசிப்பியில் 87 சதவீத வாக்கு. தேர்தலில் படுதோல்வி, ஆனால் கட்சி அதன்பின் எந்தத் திசையில் போகும் என்பதற்கான வரைபடம் அதில் இருந்தது.

பழமைவாதத்துக்குள்ளிருந்தே இன்னொரு குரலும் எழுந்தது. ஹாரி ஜாஃபா, 1858 செனட் தேர்தலில் மோதிய லிங்கனுக்கும் டக்ளஸுக்கும் நடந்த விவாதங்களை ஆராய்ந்து 1959-இல் நூல் எழுதியவர். அந்தந்தப் பகுதி மக்களே அடிமை முறையை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யட்டும் என்றார் டக்ளஸ். ஓட்டுப் போட்டு முடிவெடுக்க முடியாத விஷயமும் ஒன்று உண்டு, எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற சுதந்திரப் பிரகடனத்தின் வாக்கியம்தான் அது என்றார் லிங்கன். ஜாஃபாவைப் பொறுத்தவரை அமெரிக்காவில் பாதுகாக்க வேண்டிய பழமை என்று ஒன்று இருந்தால் அது இந்த வாக்கியம்தான். பக்லியின் யேல் ஆசிரியர் வில்மோர் கெண்டலுக்கு இது எரிச்சலூட்டியது. பிரகடனத்தின் சமத்துவம் சாசனத்துக்குள் வரவே இல்லை, லிங்கன்தான் அதைப் புகுத்தினார் என்பது அவர் கட்சி. இந்தச் சண்டை பல பத்தாண்டுகள் நடந்தது. ஆனால் அதே ஜாஃபா 1964-இல் கோல்ட்வாட்டருக்கு உரை எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர். மனிதர்கள் நம் வசதிக்கேற்ற வரிசையில் நிற்பதில்லை.

எழுபதுகளில் மொழியே மாறியது. சட்டங்கள் வந்துவிட்டன, அவற்றை யாரும் திரும்பப் பெறப் போவதில்லை. வேலைவாய்ப்பிலும் கல்லூரிச் சேர்க்கையிலும் கறுப்பினத்தவருக்கு முன்னுரிமை தருவதுதான் இப்போது கேள்வி. இடதுசாரிகளாக இருந்து வலப்பக்கம் நகர்ந்த நியூயார்க் அறிவுஜீவிகள் இந்த விவாதத்தை நடத்தினார்கள். 1975-இல் நேதன் கிளேசர், பாகுபாட்டை ஒழிக்க வந்த சட்டம் தானே ஒரு பாகுபாடாகிவிட்டது என்று எழுதினார். அரசு நிறம் பார்க்கக் கூடாது என்பது கோஷமானது. ‘நம் சாசனத்துக்கு நிறம் தெரியாது’ என்ற வாசகம் 1896 ‘பிளெஸ்ஸி’ வழக்கில் தனியாக நின்று மறுத்த நீதிபதி ஹார்லனுடையது. அதைத் தூக்கிப் பிடித்து ‘பிரவுன்’ வழக்கை நடத்தியவர்கள் கறுப்பின வழக்கறிஞர்கள். அப்போது அதைக் கேட்கக்கூட விரும்பாத முகாம், இருபது வருஷம் கழித்து அதைத் தன் கொடியாக்கியது. வாதம் தவறு என்று இதனால் ஆகிவிடாது. கிளேசரைப் போன்றவர்கள் ஐம்பதுகளிலும் பிரிவினையை எதிர்த்தவர்கள், அவர்கள் வாயில் அது நேர்மையான வாதம். வந்து ஒட்டிக்கொண்டவர்களைப் பற்றித்தான் கேள்வி. கிளேசரே தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மனம் மாறி, முன்னுரிமை இல்லாவிட்டால் உயர்ந்த கல்லூரிகளில் கறுப்பினத்தவர் அரிதாகிவிடுவார்கள் என்று எழுதினார்.

கறுப்பினப் பழமைவாதிகளும் உண்டு. பத்திரிகையாளர் ஜார்ஜ் ஸ்கைலர் 1964 சட்டத்தையே எதிர்த்தார். பொருளாதார அறிஞர் தாமஸ் சோவெல், பாகுபாடு ஒன்றே எல்லா ஏற்றத்தாழ்வுக்கும் காரணமாகாது என்று பல நாடுகளை ஒப்பிட்டு வாதிட்டவர். முன்னுரிமைக் கொள்கைகளைப் பற்றிய அவருடைய 2004-ஆம் வருஷத்து நூலில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தனி அத்தியாயங்கள் உண்டு. குழு சார்ந்த முன்னுரிமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இலங்கையை எச்சரிக்கையாகக் காட்டுகிறார். தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு நெருடல் வரும். இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டத்தையும் பல்கலைக்கழகத் தரப்படுத்தலையும் கொண்டுவந்தது அதிகாரத்தில் இருந்த பெரும்பான்மை, தனக்காக. அதற்கு ஒப்பு தேட வேண்டுமானால் அமெரிக்காவின் கறுப்பின முன்னுரிமையைவிட, பழைய தெற்கின் வெள்ளையர் ஆட்சிதான் பக்கத்தில் வரும்.

வருத்தம் தெரிவித்தவர்கள் உண்டு. போர்க் 1973-லேயே தன் பழைய கட்டுரையிலிருந்து விலகிக்கொண்டார், ஆனாலும் 1987-இல் செனட் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு ஏற்கவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியிலேயே அலபாமா ஆளுநராக இருந்த ஜார்ஜ் வாலஸின் நிறவெறி அரசியலைக் கடுமையாக எதிர்த்த பக்லி, 2004-இல் ஒரு பேட்டியில் நேரடியாகவே ஒப்புக்கொண்டார்: ஜிம் குரோ முறையிலிருந்து (தெற்கின் இனப் பிரிவினைச் சட்டங்களுக்கு அதுதான் பெயர்) தானாகவே பரிணமித்து வெளியே வந்துவிடலாம் என்று நம்பினேன், தவறு, மத்திய அரசின் தலையீடு தேவைப்பட்டது என்று. கௌரவமான வார்த்தைகள். ஆனால் 1957 தலையங்கம் பரிணாமத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை, முன்னேறிய இனத்தின் உரிமையைப் பற்றியும் பேசியது. அந்தப் பகுதி ஒப்புதலில் வரவில்லை. அதை அப்போதே கைநீட்டிக் காட்டியவரோ, கிறிஸ்துமஸ் விருந்தில் எதிரே உட்காரும் மச்சான்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. ரென்க்விஸ்ட்டிடம் 1980-இல் உதவியாளராகச் சேர்ந்த இளம் வழக்கறிஞர் ஜான் ராபர்ட்ஸ், இன்று அவர் இருந்த அதே நாற்காலியில் தலைமை நீதிபதி. 2013-இல் 5-க்கு 4 என்ற தீர்ப்பில், தேர்தல் விதிகளை மாற்றும் முன் மத்திய அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய மாநிலங்கள் எவை என்று 1965 வாக்குரிமைச் சட்டம் வைத்திருந்த அளவுகோலை அவர் எழுதிய தீர்ப்பு ரத்து செய்தது. மாநிலங்கள் எல்லாம் சம இறையாண்மை கொண்டவை என்பது காரணம். 2023 ஜூனில் கல்லூரிச் சேர்க்கையில் நிறம் பார்ப்பதும் தடைபட்டது. அந்த வழக்கில் கறுப்பின நீதிபதிகள் இருவர் எதிரெதிரே எழுதினார்கள். கிளாரன்ஸ் தாமஸ், சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமப் பாதுகாப்பு என்று சொல்லும் 14-ஆவது திருத்தம் நிறம் பார்க்காத சாசனத்தையே உருவாக்கியது என்று ஹார்லனை மேற்கோள் காட்டினார். கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன், சட்டத்தில் நிறத்தைப் பார்க்காமல் விடுவதால் வாழ்க்கையில் அது இல்லாமல் போய்விடாது என்று மறுத்தார்.